சின்னதாகப் பேசினாள்

என் அக்காவுக்குக் காது கேட்காது. இதைச் சொன்ன உடனே எல்லோரும் 'அய்யோ பாவம்' என்று ஒரு முகத்தை மாட்டிக்கொள்வார்கள். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் சலவைக்கூடத்துக்கு ஒரு நாள் வந்து நின்று பாருங்கள், யார் பாவம் என்று தெரியும்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணி முழுக்க எங்களிடம்தான் வரும். ஆளுயர வாஷிங் மெஷின் ஆறு, தண்ணீர் பிழிகிற மெஷின் இரண்டு, நடுவில் ரோலர். ரோலர் என்றால் ஒரு அறை அகலத்துக்கு உருண்டுகொண்டே இருக்கும் கொதிக்கிற இரும்பு உருளைகள். ஈரமான படுக்கைவிரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் முனை பிடித்து உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் மொடமொடவென்று இஸ்திரியாகி வெளியே வரும். எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அக்கா வேலைக்குச் சேர்ந்த ஒரே வருஷத்தில் மொத்தக் கூடமும் அவளுடைய கைப்பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டது. வம்பு, கேலி, புருஷன்மார் மேல் புகார், சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் அவரைப் பற்றி, எல்லாமே கையால்தான். முப்பது பேரும் அவளுடைய பாஷையைத் திக்கித் திணறிப் பேச, அவள் ஒருத்தி மட்டும் சரளமாக வெளுத்து வாங்குவாள்.

ரோலரின் அந்தக் கடைசியில், ஒரு மரமேடை மேல் அவள் நிற்பாள். துணி சுருண்டாலோ சிக்கினாலோ அவள் கண்ணுக்குத்தான் முதலில் படும். அவள் வலது கை தலைக்கு மேல் உயர்ந்தால் 'நிறுத்து'. இடது கை உயர்ந்தால் 'அடுத்த வண்டி வரட்டும்'. நிறுத்துகிற சிகப்புப் பொத்தான் அவள் பக்கம் இல்லை, இந்தப் பக்கத் தூணில், என் கைக்கு எட்டுகிற இடத்தில். அதனால் துணி கொடுத்துக்கொண்டே ஒரு கண்ணை அக்கா மேல் வைத்திருப்பது என் வேலை. அவளுக்குச் 'சிக்னல்' என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கு 'ரேடியோ'. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பாஷையிலும் சத்தம் உண்டு. கையை அகல வீசி உயரத் தூக்கிப் பேசினால் அது உரத்த குரல். நெஞ்சுக்குப் பக்கத்திலேயே, விரல் மட்டும் அசைகிற மாதிரி பேசினால் கிசுகிசு. கோபத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேண்டா வெறுப்பாகப் பதில் சொல்வதும் அப்படித்தான் இருக்கும். அக்கா பிறவி உரத்த குரல்காரி. அவள் ஒரு கதை சொன்னால் பக்கத்தில் இருக்கிற டீ டம்ளர்களை எல்லாம் நகர்த்தி வைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தப்பா ஏதோ சொல்ல, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா என் சட்டையை இழுத்தாள். "என்ன? என்ன சொன்னார்?" நான், "அப்புறம் சொல்றேன்" என்று கையைக் காட்டினேன். சிரிப்பு நிற்பதற்குள் அடுத்தது. மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் அப்புறம். அன்றைக்கு ஒரு ஐந்தாறு அப்புறமாவது சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்தாள். "உன்னோட அப்புறம் இந்த ஜென்மத்துல வருமா?"

எனக்கும் நாக்கில் சனி. கையில் சனி என்றுதான் சொல்ல வேண்டும். "நான் என்ன உன் கூடவே ஒட்டிப் பிறந்தேனா? எனக்கும் ரெண்டு நிமிஷம் நிம்மதியா சிரிக்கணும்" என்று வீசி வீசிச் சொன்னேன். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. அவள் முகம் சுருங்கிப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அக்காவின் பேச்சு சின்னதாகிவிட்டது.

முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் பேசினாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஓகோ, இன்னும் கோபமா, இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வாரமே மேல் அலமாரியில் என் தட்டோடு இருந்த அவளுடைய தட்டையும் டம்ளரையும் எடுத்துக் கீழ் அடுக்கில் தனியாக வைத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. பாகம் பிரிக்கிறாளாக்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு அது. அம்மா அப்பா போன பிறகு பத்து வருஷமாக ஒரே அலமாரி, ஒரே அறை, ரெண்டு கட்டில். அவள் எப்போதும் வலது பக்கம் சாய்ந்து என்னைப் பார்த்துத்தான் படுப்பாள். விளக்கை அணைக்கிறவரை பேச்சு ஓடும். இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். காது கேட்காதவள் முதுகைக் காட்டிப் படுத்தால் அதைவிடப் பெரிய கதவு கிடையாது. தட்டிக் கூப்பிடவும் எனக்கு ரோஷம் விடவில்லை. இடுப்பு வரை இருந்த முடியை ஒருநாள் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், அதற்கும் நான் ஏன் என்று கேட்கவில்லை.

நானும் விட்டுக்கொடுப்பேனா? நானும் சின்னதாகப் பேசினேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் சாமி கும்பிடுகிற மாதிரி கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு 'டீ வேணுமா', 'வேண்டாம்' என்று மூன்று மாதம் ஓட்டினோம்.

சலவைக்கூடத்திலும் அவள் 'நிறுத்து' பாதியாகிவிட்டது. தலைக்கு மேல் போன கை தோள் வரை வந்து நின்றது. என்னிடம் கோபம் என்றால் வேலையிலுமா காட்டுவது என்று எனக்கு இன்னும் எரிந்தது. ஒரு தடவை சூப்பர்வைசர் என்னிடம், "என்ன ரேடியோ, சிக்னல் சரியா விழலையே?" என்று கேட்டார். "அவங்களையே கேளுங்க சார்" என்றேன். அவர் ஏன் கேட்கப்போகிறார்?

அந்தச் செவ்வாய்க்கிழமை துணி மலை மாதிரி குவிந்திருந்தது. நானும் என் ஜோடியும் விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். என் ஏப்ரன் கயிற்றின் முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு முனை இடுப்பில் இறுகியிருக்க, இன்னொரு முனை ஈர விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போக ஆரம்பித்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வலது கை நெஞ்சு வரை எழுந்ததை நான் பார்த்தேன். இதை எங்கேயும் மறைக்க மாட்டேன். பார்த்தேன். நெஞ்சு வரை வந்து ஆடியது, நின்றது. இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள், வேண்டா வெறுப்பாக ஒரு கையாட்டல் என்று நினைத்து முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன்.

அவள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். இடது கை என்றால் அடுத்த வண்டி. எனக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு, துணி வண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். பின்னால் நகர இடமில்லை. இடுப்பில் ஒரு இழுப்பு. குனிந்து பார்த்தால் கயிறு விறைத்து நிற்கிறது, நான் உருளையை நோக்கி ஓரடி போயிருக்கிறேன். சூடு முகத்தில் அடித்தது. பொத்தானுக்குக் கை நீட்டினேன், எட்டவில்லை. கத்தினேன். அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பியிருந்த என் ஜோடிக்குக்கூடக் கேட்கவில்லை.

நிமிர்ந்தபோது அக்கா மேடையில் இல்லை. ரோலரைச் சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் வாய் அகலத் திறந்திருந்தது. என் அக்கா குரலை வெளியே விடவே மாட்டாள், சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் கேலி செய்ததிலிருந்து. அன்றைக்குக் கத்திக்கொண்டே வந்தாள். அந்த இரைச்சலில் அது எனக்குக்கூடக் கேட்கவில்லை. வந்த வேகத்தில் வலது கையால் என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் ஒரு இழு இழுத்தாள், இடது கையால் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது.

என் மேல் ஒரு கீறல் இல்லை. அக்காவின் வலது கை மட்டும், பிழியாத துணி மாதிரி அவள் பக்கத்தில் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அந்த வலியிலும் அவள் குனிந்து கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். எங்கள் ரோலரில் போனதுதான், மூலையில் மடிப்பு சரியில்லை. என்னைப் பார்த்து முறைத்தாள். அங்கே வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஆனால் கேள்வியை எல்லாம் என்னைப் பார்த்தே கேட்டார்.

"எப்ப இருந்து வலி?"

"இன்னைக்குக் காலையிலதான், மெஷின்கிட்ட..." என்று நான் ஆரம்பிக்க, அக்கா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இடது கையால் என் முழங்கையைத் தட்டினாள். மூன்று விரலைக் காட்டினாள். மாதம் என்றாள்.

"மூணு மாசமாங்கிறா" என்றேன். என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி இருந்தது.

"எங்க வலிக்குது?"

அக்கா தோளைக் காட்டவில்லை. தோளுக்குக் கீழே, மேல்கையின் வெளிப்பக்கத்தைக் காட்டினாள். "தோள்ல இழுபட்டதுன்னு நினைச்சேன், இவ கையைக் காட்டுறா" என்றேன்.

"தோள்ல இருக்கிற தசைநாண்ல அடிபட்டா வலி அங்கதான் தெரியும். அந்தப் பக்கம் சாஞ்சு படுக்க முடியுதா?"

நான் அதை அக்காவுக்குக் கையால் சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "முடியல. மூணு மாசமா சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன்."

"மேல இருக்கிற அலமாரியில இருந்து ஏதாவது எடுக்க முடியுதா?"

"இல்ல. தட்டு, டம்ளர் எல்லாம் கீழ எடுத்து வச்சுக்கிட்டேன்."

"தலை சீவிப் பின்ன முடியுதா?"

அக்கா தன் கட்டை முடியைத் தொட்டுக் காட்டினாள். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

டாக்டரம்மா ஏதோ நோயாளிகளிடம் தினமும் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டார். எனக்கு ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த அறை. ஒரு முன்பின் தெரியாத பெண் ஐந்து நிமிடத்தில் கேட்டதில் ஒன்றையாவது நான் மூன்று மாதத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் என்னைக் குத்துவதற்காக அவள் செய்ததாக எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து ரோஷம் வளர்த்தேன்.

"கையைத் தானா பக்கவாட்டுல தூக்கச் சொல்லுங்க."

கை ஒரு சாண் எழுந்தது. தோள் மட்டும் காதை நோக்கிக் குலுங்கியது. அதற்கு மேல் இல்லை. பிறகு டாக்டரம்மா அந்தக் கையைத் தானே பிடித்து மெதுவாகத் தூக்கினார். தலைக்கு மேல் வரை போனது! எனக்கு உயிர் வந்தது. "மேல போகுதே டாக்டர்!" என்றேன்.

"நான் தூக்கினா போகுது. மூட்டு இறுகிப்போயிருந்தா நான் தூக்கினாலும் போகாது. தூக்குற நாண் வேலை செய்யல" என்றவர், பிடியைத் தளர்த்தினார். கை அப்படியே சரிந்து விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். தோளின் மேல் நாண் முழுக்கக் கிழிந்திருந்தது. முதலில் பாதி கிழிந்திருக்கும், ரோலரில் என்னை இழுத்தபோது மிச்சமும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "முதல் வாரமே வந்திருந்தா?"

"ஓய்வும் பயிற்சியுமே போதுமா இருந்திருக்கலாம். இப்ப உறுதியா எதுவும் சொல்ல முடியாது. இனிமே ஆபரேஷன்தான் நல்லது. தைச்சுட்டு ஆறு வாரம் கையைக் கட்டி வச்சிருக்கணும், அசைக்கவே கூடாது. அதுக்கப்புறம் மாசக் கணக்கா பயிற்சி."

"தலைக்கு மேல போகுமா?"

"முக்கால்வாசிப் பேருக்குப் போகும். இவங்களுக்குப் போகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அக்கா என் சட்டையை இழுத்தாள். "என்ன சொல்றாங்க?"

நம்ப மாட்டீர்கள். என் கை தானாக எழுந்தது. 'அப்புறம்' என்று சொல்ல எழுந்தது. பாதியில் பிடித்துக் கீழே இறக்கினேன். அங்கேயே, அடுத்த நோயாளி கதவருகே காத்திருக்க, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். 'வாக்குக் கொடுக்க மாட்டேன்' வரைக்கும் சொன்னேன்.

"ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்தும் மாட்டேன்தான். இடது கையால் சொன்னாள், அது கொஞ்சம் கொச்சையாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி வந்தது. "ஆறு வாரம் வாயைக் கட்டிப்போட்டுட்டு உட்காரணுமா?"

"இடது கையால பேசு. பழகிடும்."

"ரெண்டு கையால பேசினப்பவே நீ பார்க்கல."

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேன். சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்த மறுநாள் அந்தப் பெரிய வாஷிங் மெஷின்ல துணி முறுக்கிக்கிச்சுல்ல, அதை இழுத்தப்ப படக்குன்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் 'கை'ன்னு ஆரம்பிச்சேன். நீ போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்த. 'அப்புறம்'ன்னுட்ட."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் கேவலம். அவள் பொய் சொல்ல மாட்டாள், எனக்கு ஞாபகமும் இல்லை. எத்தனை அப்புறம் சொன்னேன் என்று கணக்கு வைத்திருந்தால்தானே.

நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். "சித்தி வீட்டுல அன்னைக்கு எதுக்குச் சிரிச்சோம் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் ஆரம்பித்தேன். சித்தப்பா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், கடையில் ஆளுயரப் பொம்மையிடம் விலை கேட்டது. அது பதில் சொல்லவில்லை என்று முதலாளியிடம் புகார் செய்தது. சித்தி அதற்குச் சொன்ன பதில். அதற்குச் சித்தப்பா முகம் போன போக்கு. எழுந்து நின்று கையை வீசி, சித்தப்பா மாதிரி நடந்து காட்டி, ஐந்தாறு அப்புறங்களையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை. எதற்கு அப்படி விழுந்து விழுந்து சிரித்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஏதோ சொல்ல வாகாக வலது கையை எடுத்தாள். பழக்கதோஷம். கை எழவில்லை. வலியில் பல்லைக் கடித்தாள். சொல்ல வந்தது அவள் முகம் முழுக்க இருந்தது, கைக்கு வரவில்லை. அப்படியே அழுதாள். நானும் அழுதேன், வேறென்ன செய்ய.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இடது கையால் கேட்டாள். "எப்ப வரச் சொன்னாங்க?"

ஆபரேஷன் முடிந்து, கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, சாய்வாகத் தலையணை அடுக்கிப் படுக்க வைப்பது எல்லாம் நான். அவள் கட்டிலை அறையின் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன், இடது பக்கம் பார்த்தாலும் நான் தெரிகிற மாதிரி. அவ்வளவு சுலபம். ஒரு கட்டிலைத் திருப்ப மூன்று மாதம் ஆகியிருக்கிறது எனக்கு. கை தலைக்கு மேல் போகுமா என்று தினமும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் கேட்பதில்லை.

பத்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். சூப்பர்வைசர் என்னை அக்காவின் மேடையில் ஏற்றினார். "உங்களுக்குத்தான் எல்லா சிக்னலும் தெரியும்" என்றார். மேடையிலிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிகிறது, தூணருகே நிற்கிறவள் நம்மைப் பார்க்கிறாளா இல்லையா என்பதும் தெரிகிறது. மூன்று மாதம் என் மூஞ்சி அங்கிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத் துணி ஒரே சுருளல். மத்தியானத்துக்குள் நாற்பது தடவையாவது கையைத் தூக்கியிருப்பேன், துணியைத் தட்டி நேராக்கியிருப்பேன். அவள் பதினொரு வருஷம் தூக்கினாள்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அக்கா தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கையால் கேட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். கட்டாத கையை நீட்டி, கிட்டே வா என்றாள். போனேன். அந்த விரல்களால் என் மேல்கையின் வெளிப்பக்கத்தை, டாக்டரம்மாவிடம் அவள் காட்டிய அதே இடத்தை, மெதுவாக அழுத்தினாள்.

"சின்னதா பேசுற" என்றாள் அக்கா. "வலிக்குதா?"